கெய்லாவுக்கு வெட்டிய யன்னல்

டார்னெய்ட், மெல்பேர்ண்
16 ஓகஸ்ட் 2011

சிறீ,

பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டேன். தங்கச்சிக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளைப்பேறு பார்க்க வந்து நின்றுவிட்டுச் சிட்னிக்குப் போன அக்கா, போன வேகத்திலேயே பெட்டியோடு திரும்பி வந்து வாசலில் நின்றால் துவாரகாவுக்கு விளங்காமல் இருக்குமா. குழந்தையைத் தூக்கி என் கையில் தந்துவிட்டுத் தேத்தண்ணி போடப் போனாள்.

தயவுசெய்து போன் எடுக்காதீர்கள். உங்கள் குரலைக் கேட்டால் நான் இளகிவிடுவேன். பிறகு நீங்கள் சொல்வதுதான் நடந்தது என்று ஆகிவிடும். கலியாணம் கட்டிய நாளிலிருந்து அப்படித்தான். எழுதுங்கள். எழுதினால் இரண்டு பேரும் திருப்பிப் படிக்கலாம்.

நான் கண்டதை எழுதுகிறேன். சனிக்கிழமை நீங்கள் வேலைக்குப் போன பிறகு, இங்கே துவாரகாவின் மெசினில் கெய்லாவுக்கென்று நான் தைத்த தலையணை உறையை எடுத்துக்கொண்டு பின்வளவுக்குப் போனேன். காரில் கொழுவி ஊர் சுற்றவென்று நாங்கள் வாங்கிய கரவனின் கதவைத் திறந்தால், அவளுடைய கட்டில் இல்லை. அந்த இடத்தில் ஒரு பிரிட்ஜ், அதற்கு மேலே உங்கள் தூண்டில் தடிகளுக்கு ஒரு நீளமான அலுமாரி. வேலை வழக்கம் போல மிகத் துப்புரவு. வெளியே வந்து பார்த்தேன். அவளுடைய யன்னல் இருந்த இடத்தில் அலுமினியத் தகடு வைத்து ரிவெட் அடித்து, வெள்ளைப் பெயின்ற்றும் பூசியிருந்தீர்கள்.

அந்த யன்னலை வெட்டியது நீங்கள்தான். படுத்தபடியே வெளியில் மரங்களைப் பார்க்க வேண்டும் என்று ஏழு வயதுப் பிள்ளை கேட்டதற்காக, அவளைக் கட்டிலில் படுக்க வைத்து, அவள் கண் மட்டத்துக்குச் சுவரில் பென்சிலால் கோடு போட்டீர்கள். அவள் எங்களிடம் வளரப் போகிறாள் என்று நான் நினைத்த நாள் அதுதான். நிறுவனம் எங்களை வளர்ப்புப் பெற்றோராக ஏற்றுக்கொண்ட நாள் அல்ல.

பின்னேரம் உங்களிடம் கேட்டேன். பாரம் கூடிவிட்டது என்றீர்கள். அவள் வந்தால் எங்கே படுப்பாள் என்று கேட்டேன். நீங்கள் குனிந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தீர்கள். அவிழ்த்து முடிந்த பிறகும் நிமிரவில்லை.

அவளை எங்களிடம் விடுகிற வழக்கு கோட்டில் இழுபடுகிறது என்று நான் இங்கே நின்ற நாளெல்லாம் போனில் சொன்னீர்கள். அது உண்மையா? உண்மை என்றால் கட்டிலை ஏன் கழற்றினீர்கள்?

நிரஞ்சினி


பிளாக்டவுன், சிட்னி
29 ஓகஸ்ட் 2011

அன்புள்ள நிரா,

உம்முடைய கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். ஒரு கட்டிலுக்காக வீட்டை விட்டுப் போகிற பெண் நீர் இல்லை. பிள்ளை பெற்ற வீட்டில் நித்திரை இல்லாமல் நின்ற களைப்பு என்று நினைக்கிறேன்.

விஷயம் இதுதான். அந்தக் கட்டில் கரவனின் பின்பக்கம் இருந்தது. பின்பக்கம் பாரம் கூடினால் காரோடு கொழுவுகிற இடத்தில் பிடி இல்லாமல் போய், பெருந்தெருவில் கரவன் பாம்பு மாதிரி ஆடும். எங்கள் சிநேகிதர் தேவராஜா ஒருமுறை பின்னால் காரில் வந்து பார்த்துவிட்டு அவரே சொன்னார். அதோடு யூலை மழைக்கு அந்த யன்னல் ஓரத்தால் தண்ணீர் இறங்கி உள்ளே பிளைவூட் ஊதிவிட்டது. நான் போட்ட சிலிக்கன் பசை சரியாகப் பிடிக்கவில்லை. ஊதின பலகையைக் கழற்றாமல் விட்டால் முழுச்சுவரும் உக்கிவிடும். அதனால்தான் கழற்றினேன். பிரிட்ஜ் மலிவாகக் கிடைத்தது, வெறுமையாக இருந்த இடத்தில் வைத்தேன். நீர் நினைக்கிற மாதிரி ஒன்றும் இல்லை.

கோட்டு விஷயம் எனக்கும் தெளிவாகத் தெரியாது. அவர்கள் சொன்னதைத்தான் உமக்குச் சொன்னேன்.

செப்ரெம்பரில் எனக்கு லீவு இருக்கிறது. நாங்கள் இரண்டு பேரும் கியாமாப் பக்கம் போய்க் கடலோரம் நிற்கலாம். கரவன் வாங்கி இவ்வளவு காலமாகியும் ஒரு இடத்துக்கும் ஒழுங்காகப் போகவில்லை. குசினிப் பைப்பையும் மாற்றிவிட்டேன், இப்போது சொட்டாது. எப்போது வாறீர் என்று எழுதும்.

உம்முடைய
சிறீ


டார்னெய்ட்
7 செப்ரெம்பர் 2011

சிறீஸ்கந்தராசா அவர்களுக்கு,

பாரம், சிலிக்கன், பிளைவூட். கடிதம் முழுக்கத் தேடினேன், கெய்லா என்ற பெயர் ஒரு இடத்திலும் இல்லை. அதனால் திங்கட்கிழமை நானே நிறுவனத்துக்குப் போன் எடுத்து, கெய்லாவின் விஷயத்தைப் பார்க்கிற மார்கரெட்டோடு கதைத்தேன்.

என் குரலைக் கேட்டதும் அவர் தயங்கினார். நான் தேறிவிட்டேனா என்று கேட்டார். எதிலிருந்து தேற வேண்டும் என்று நான் கேட்டேன். அப்போதுதான் தெரிந்தது. யூலை மாதம் நீங்கள் அவரைக் கூப்பிட்டு, நாங்கள் இரண்டு பேரும் யோசித்து விலகிக்கொள்கிறோம் என்று சொல்லியிருக்கிறீர்கள். என்னோடு கதைக்க வேண்டும் என்று அவர் கேட்டிருக்கிறார். நிரஞ்சினி மனம் உடைந்துபோய் மெல்பேர்ணில் தங்கச்சியோடு நிற்கிறா, இந்தக் கதையை எடுத்தாலே அழுகிறா, அவவைக் கூப்பிட வேண்டாம் என்று கெஞ்சியிருக்கிறீர்கள். அவர் நல்ல மனுசி. என்னை நோகடிக்கக் கூடாது என்று கூப்பிடாமல் விட்டார்.

நான் அப்போது இங்கே தலையணை உறையில் பூப் பின்னிக்கொண்டிருந்தேன்.

வேண்டாம் என்று நீங்கள் உங்கள் வாயால் சொல்லியிருக்கலாம். என் வாயை எடுத்து ஏன் சொன்னீர்கள்? மார்கரெட் வைத்திருக்கிற கணக்கில், அந்தப் பிள்ளையை வேண்டாம் என்று சொன்னவள் நான். இனி எந்த வாயால் மாற்றிச் சொன்னாலும் அவர்கள் நம்புவார்களா என்று எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகும் ஒவ்வொரு கிழமையும் போனில் என்னிடம், 'கோட்டில திருப்பியும் தள்ளிப் போட்டாங்களாம், பாவம் பிள்ளை' என்று சொன்னீர்கள். பாவம் பிள்ளை என்று சொல்ல எப்படி வந்தது உங்களுக்கு?

நிரஞ்சினி


பிளாக்டவுன்
18 செப்ரெம்பர் 2011

நிரா,

ஓம். நான்தான் செய்தேன். இனி மறைத்து என்ன.

ஆனால் நீர் கேட்கிற மாதிரி நானும் ஒன்று கேட்கிறேன். பத்து வருசம் எங்கள் வீட்டில் வேறு கதை இருந்ததா? பிள்ளைக்காக ஊசி, ஸ்கான், ரிப்போட், அடுத்த மாதம், அதற்கடுத்த மாதம். உம்மை ஆசுபத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கூட்டிக்கொண்டு வருகிற ஆளாக நான் இருந்தேன். முறைப்பாடு சொல்லவில்லை. அதெல்லாம் போதும் என்று நீரே சொன்ன அன்றைக்கு நான் காருக்குள் இருந்து அழுதேன். நான் துக்கத்தில் அழுகிறேன் என்று நினைத்து நீர் என் முதுகைத் தடவினீர். எனக்கு அது ஆறுதலாக இருந்தது, நிரா. முடிந்துவிட்டது என்ற ஆறுதல்.

அந்த வருசம்தான் கரவனை வாங்கினோம். தலையில் சீலைத்துண்டைக் கட்டிக்கொண்டு நீர் பழைய பெயின்ற்றைச் சுரண்டினீர். வயரை எந்தப் பக்கத்தால் இழுப்பது என்று என்னோடு சண்டை பிடித்தீர். மேசையை மடக்கிக் கட்டிலாக்குகிற யோசனை உம்முடையது. முதல்தரம் மடக்கியபோது விரல் நசிந்து இரண்டு பேரும் சிரித்தோம். எனக்கு என் மனிசி திருப்பிக் கிடைத்திருந்தா.

பிறகு ஒருநாள் நீர் கதவடியில் வந்து நின்று, வளர்ப்புப் பெற்றோருக்கான வகுப்புக்கு இரண்டு பேர் பெயரையும் கொடுத்துவிட்டேன் என்று சொன்னீர். கொடுத்துவிட்டேன் என்றுதான் சொன்னீர், கொடுக்கட்டா என்று கேட்கவில்லை. நான் கூரையில் லைற் பூட்டிக்கொண்டு நின்றேன், வாயில் திருகாணி. தலையாட்டினேன். நீர் அதை ஓம் என்று எடுத்தீர்.

கெய்லா நல்ல பிள்ளை. அவள் கெட்ட பிள்ளையாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திராது. இரண்டாம் முறை சனி ஞாயிறுக்கு எங்களிடம் வந்து நின்றபோது அந்த யன்னலால் என்னைப் பார்த்துக் கை காட்டினாள். பக்கத்தில் உம்முடைய முகம். நீர் என்னைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்துக்கொண்டிருந்தீர். இனி இந்த வீட்டில் எனக்கு இடமில்லை என்று அப்போது நினைத்தேன்.

நீர் இல்லாத நாளில் கதைத்தது பிழை. உம்முடைய பெயரைச் சொன்னது பிழை. ஆனால் என்னை ஒருநாளும் கேட்காதது பிழை இல்லையா?

சிறீ


டார்னெய்ட்
2 நவம்பர் 2011

சிறீ,

பதில் எழுதத் தாமதித்தேன். உங்கள் கேள்விக்கு நியாயமாகப் பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

ஓம், நான் கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவீர்களோ என்ற பயத்தில்தான் கேட்கவில்லை. அது என் பிழை. ஆனால் அதற்குப் பிறகு வகுப்புகளுக்கு என்னோடு வந்தீர்கள். வீடு பார்க்க வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்தீர்கள். எத்தனை தரம் வாயில் திருகாணி இல்லாமல் இருந்தீர்கள். வேண்டாம் என்று ஒரு தரம் சொல்லியிருந்தால் நான் அழுதிருப்பேன், ஒரு மாதம் உங்களோடு கதைக்காமல் இருந்திருப்பேன். ஆனால் அந்த வீட்டிலேயே இருந்திருப்பேன். கெய்லாவின் கண்ணில் நாங்கள் பட்டிருக்கவே மாட்டோம்.

நீங்கள் ஏழு வயதுப் பிள்ளையோடு போட்டி போட்டு வென்றிருக்கிறீர்கள்.

மார்கரெட்டிடம் உண்மையைச் சொன்னேன். நம்பினார். ஆனால் கெய்லா இப்போது நியூகாசில் பக்கம் ஒரு குடும்பத்தோடு இருக்கிறாள். அங்கிருந்து பிடுங்குவது சரியில்லை என்றார், எனக்கும் அது விளங்குகிறது. நாங்கள் விலகிவிட்டோம் என்று அவளுக்குச் சொன்னபோது என்ன கேட்டாள் என்று நான்தான் வற்புறுத்திக் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. கரவன் சுவரில் பென்சிலால் கீறியதற்காகவா என்று கேட்டாளாம். கட்டிலோரம் அவள் ஒரு பூனை கீறியிருந்தாளே, அது. அதற்காகத்தான் நாங்கள் வேண்டாம் என்று சொன்னோம் என்று நினைத்திருக்கிறாள்.

இதை எழுதாமல் விடலாம் என்று பார்த்தேன். ஆனால் நான் மட்டும் இதைச் சுமக்க ஏலாது.

இங்கே வெரிபியில் முதியோர் இல்லத்தில் தாதி வேலை எடுத்திருக்கிறேன். துவாரகா வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டை வாடகைக்குப் பார்த்திருக்கிறேன். நான் வரமாட்டேன்.

நிரஞ்சினி


பிளாக்டவுன்
22 ஏப்பிரல் 2012

அன்புள்ள நிரா,

நீர் பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை, இதைப் படித்தால் போதும்.

உயிர்த்த ஞாயிறு விடுமுறைக்குக் கரவனைக் கொழுவிக்கொண்டு தனியே கியாமாவுக்குப் போனேன். இடம் நீர் முந்திச் சொன்ன மாதிரியே வடிவு. பக்கத்துக் கரவனில் ஒரு கிழவனும் கிழவியும். உம்முடைய மனிசி எங்கே என்று அந்த மனுசி கேட்டா. பின்னால் வாறா என்று சொன்னேன். அதுவும் பொய்தான். பொய் எனக்கு எவ்வளவு சுகமாக வருகிறது என்று அப்போதுதான் கவனித்தேன். பிரிட்ஜில் வைத்த மீனை அப்படியே கொண்டுவந்து குப்பையில் போட்டேன்.

திரும்பி வந்து தூண்டில் அலுமாரியைக் கழற்றினேன். தகட்டையும் உரித்தேன். இந்த முறை யன்னலைச் சரியான சட்டத்தோடு போட்டிருக்கிறேன், வெளியே தண்ணீர் வழிந்து போக மேலே ஒரு தடுப்பும் உண்டு. கட்டிலை இலேசான பலகையில் செய்து சில்லு அச்சுக்கு நேரே மேலே கொண்டுவந்துவிட்டேன், பாரப் பிரச்சினை தீர்ந்தது. தேவராஜா பார்த்துவிட்டு, கடையில் வாங்கினது போல இருக்கிறது என்றார்.

மெல்பேர்ணில் நீர் தனியே ஒரு பிள்ளையை எடுத்து வளர்க்க விண்ணப்பிக்கப் போகிறீர் என்று தேவராஜாவின் மனிசி யோகா சொன்னா. நல்லது. கரவனைக் கொண்டுவந்து காட்டுகிறேன். பார்த்துவிட்டு முடிவு செய்யும்.

சிறீ


டார்னெய்ட்
12 யூன் 2012

சிறீ,

வராதீர்கள் என்று எழுதி அனுப்புவதற்குள் வந்துவிட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நீங்கள் வேறு மாதிரி நினைவு வைக்கக் கூடும். அதனால் எழுதிவைக்கிறேன்.

தெருவையே அடைத்துக்கொண்டு கரவனை நிற்பாட்டினீர்கள். பக்கத்து வீட்டுப் பஞ்சாபிக்காரர் வந்து கை காட்டித்தான் உங்களைப் பின்னுக்கு எடுக்க வைத்தார். துவாரகா குழந்தையோடு வந்து என் வாசலில் நின்றாள். நான் கரவனுக்குள் ஏறினேன். கட்டில் நீங்கள் எழுதியதைவிட நன்றாக இருந்தது. தலைமாட்டில் படிக்கிற லைற், கீழே பொம்மைகளுக்கு இழுப்பறை. எனக்குக் கண் கலங்கியது, அதை நீங்கள் கண்டுவிட்டீர்கள். நான் கேட்டேன், 'ஆருக்கு இது?'

'நீர் எடுக்கப்போற பிள்ளைக்கு.'

'உங்களுக்கும் அந்தப் பிள்ளை வேணுமோ?'

நீங்கள் கட்டில் விளிம்பைத் தடவிக்கொண்டு நின்றீர்கள். மரத்தூள் ஒன்றும் அதில் இல்லை. பிறகு சொன்னீர்கள், 'நீர் வந்தாக் காணும். மற்றதை நான் பழகுவன்.'

'பிள்ளை பழகிப் பாக்கிற இடமில்லை, சிறீ. பழக ஏலாமப் போனா என்ன செய்வீங்கள்? திருப்பியும் போன் எடுப்பீங்களோ?'

அந்த நேரம் மட்டும் பொய் சொல்லாமல் நின்றீர்கள். அதற்கு மரியாதை வைத்திருக்கிறேன்.

சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று துவாரகா கேட்டும் நீங்கள் நிற்கவில்லை. வழியில் எங்கேயாவது படுத்துப் போயிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஆனால் இனி அப்படி வரவேண்டாம். கரவனைப் பார்த்தபோது ஒரு கணம் எனக்கு எல்லாம் சரியாகிவிட்டது போல இருந்தது. என்னை அப்படி நினைக்க வைக்கிற கெட்டித்தனம் உங்கள் கையில் இருக்கிறது. அதற்குத்தான் பயப்படுகிறேன்.

நிரஞ்சினி


டார்னெய்ட்
10 பெப்ரவரி 2013

சிறீ,

சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்களிடம் ஒன்றும் கேட்பதில்லை என்று இருந்தேன், ஆனால் இது என் கையில் இல்லை.

என் விண்ணப்பம் கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டது. பிரிந்து வாழ்கிற துணையோடு கதைக்காமல் அவர்கள் முடிவு எடுக்க மாட்டார்களாம். அது சட்டம் போல. விசாரிக்கிற பெண் உங்கள் நம்பரைக் கேட்டா. கொடுத்தேன்.

என்ன சொல்ல வேண்டும் என்று நான் உங்களுக்குச் சொல்லித்தரப் போவதில்லை. நீங்கள் விரும்பினால் இதையும் கெடுக்கலாம். அது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நிரஞ்சினி


பிளாக்டவுன்
17 மார்ச் 2013

நிரா,

வியாழக்கிழமை அந்த விசாரிக்கிற பெண் போன் எடுத்தா. நான் வேலைத்தலத்தில் நின்றேன், சத்தமாக இருந்தது என்று வெளியே வந்து கதைத்தேன்.

உம்மிடம் மறைக்காமல் எழுதுகிறேன். அவ கேள்வி கேட்கத் தொடங்கியதும் முதலில் எனக்குள் வந்தது நல்ல எண்ணம் இல்லை. உம்மைப் பற்றி ஒரு சின்னச் சந்தேகத்தைப் போட்டால் போதும். நீர் பொறுமை இல்லாதவர் என்றோ, அழுதால் நாள்கணக்கில் எழும்பமாட்டீர் என்றோ. பிள்ளை கிடைக்காது. தனியே இருந்து களைத்து ஒருநாள் திரும்பி வருவீர். இது எல்லாம் ஒரு மூச்சு விடுகிற நேரத்துக்குள் எனக்கு ஓடியது.

ஏன் பிரிந்தீர்கள் என்று கேட்டா. நான் நடந்ததைச் சொன்னேன். நிறுவனத்துக்கு நான் எடுத்த போன், உம்முடைய பெயரில் சொன்ன பொய், கோட்டுக் கதை, எல்லாம். அவ எல்லாவற்றையும் எழுதிக்கொண்டா. பிறகு, நிரஞ்சினியிடம் பிள்ளையை விடலாமா என்று நேரே கேட்டா. விடலாம் என்றேன். அவ பிள்ளைக்கு ஒருநாளும் பொய் சொல்லமாட்டா என்றேன். திரும்பச் சேர்ந்து வாழுகிற எண்ணம் உண்டா என்று கேட்டா. எனக்கு உண்டு, ஆனால் நீங்கள் அவவை என்னிடம் அனுப்பக்கூடாது என்று சொன்னேன்.

கரவனை விற்றுவிட்டேன். வாங்கினது டப்போப் பக்கத்து ஆட்கள். பின் கட்டிலில் தங்கள் நாய் படுக்குமாம்.

இதைச் செய்ததற்காக நீர் என்னை மன்னிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கவில்லை. பொய். எதிர்பார்க்கிறேன். ஒரு வரி எழுதும்.

சிறீ


டார்னெய்ட்
25 ஓகஸ்ட் 2013

சிறீ,

ஒரு வரி கேட்டிருந்தீர்கள். பல மாதம் அந்த வரி எனக்கு வரவில்லை.

நீங்கள் உண்மை சொன்னீர்கள் என்று அந்தப் பெண் சொன்னா. அதற்கு நன்றி. யூலைக் கடைசியில் அக்கா தங்கச்சி இரண்டு பேர் என்னிடம் வந்திருக்கிறார்கள். பெயர் எழுத எனக்கு அனுமதி இல்லை. மூத்தவளுக்கு ஒன்பது வயது, சின்னவளுக்கு நாலு. சின்னவள் சோற்றுக்குப் பழகிவிட்டாள், பருப்பும் நெய்யும் போட்டால் இரண்டாம் தரமும் கேட்கிறாள். மூத்தவள் இன்னும் சப்பாத்தைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் படுக்கிறாள். எழும்பிப் போகச் சொன்னால் சப்பாத்தைத் தேடிக்கொண்டு நிற்கக் கூடாதாம். நான் அதை எடுத்து வைப்பதில்லை.

போன கிழமை அவள் குசினியில் எனக்கு உதவி செய்துகொண்டு நின்றாள். உங்களுக்குக் கணவர் இருக்கிறாரா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். இருக்கிறார், சிட்னியில் என்றேன். ஏன் இங்கே இல்லை என்றாள். ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். ஆனால் இந்த வீட்டுக்குள் இவர்களுக்குப் பொய் சொல்வதில்லை என்று வைத்திருக்கிறேன். ஒரு சின்னப் பிள்ளை எங்களிடம் வர இருந்தது, அதை அவர் எனக்குத் தெரியாமல் வேண்டாம் என்று சொன்னார், நானும் வேண்டாம் என்று சொன்னதாகச் சொன்னார் என்றேன்.

அவள் கையிலிருந்த வெங்காயத்தை வைத்துவிட்டு யோசித்தாள். பிறகு கேட்டாள், 'நீங்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியுமா?'

மார்கரெட் சொல்லியிருப்பார் என்று நம்புகிறேன், ஆனால் நிச்சயமாகத் தெரியாது என்றேன்.

'தெரிந்திருக்காது,' என்றாள். 'எங்களுக்கு அதையெல்லாம் யாரும் வந்து சொல்வதில்லை.' சொல்லிவிட்டு, சீப்பை எடுத்துக்கொண்டு சின்னவளுக்குத் தலை இழுத்துவிடப் போனாள்.

உங்களுக்கு எழுத வேண்டிய வரியை அதற்குப் பிறகுதான் கண்டுபிடித்தேன். எனக்குச் செய்ததை நான் ஒருநாள் மன்னிக்கக் கூடும். கெய்லாவுக்குச் செய்ததை மன்னிக்க நான் ஆள் இல்லை.

நிரஞ்சினி